இருபத்தைந்து பாகம்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தெற்கேயிருந்து சோழகக் காற்று. முற்றம் வரை மணல்.

நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

போன செவ்வாய்க்கிழமை என் தம்பி மீரான், கரையில் கடலுக்குள் நீட்டி நிற்கும் கல்மூக்கிலிருந்து இருபத்தைந்து பாகத்தில் செத்தான். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். இருபத்தைந்து தடவை விரித்தால் அவன். வள்ளம் பாரில் மோதி உடைந்தது. கடலுக்குள் வரிசையாகக் கிடக்கும் அந்தப் பாறைகளில் ஒன்றின்மேல் நின்றுகொண்டிருந்தான். நெஞ்சளவு தண்ணீர். நடுப்பகல் லுஹர் நேரத்திலிருந்து சாயங்கால அஸர் வரை நின்றான். கரையில் நாற்பது பேர். நானும் ஒருவன். கயிறு எறிந்தார்கள். ஒரு கயிறும் பத்துப் பாகம் தாண்டவில்லை. நீந்திப் போன இரண்டு பேர் பாதியில் திரும்பினார்கள். மூன்றாவது ஆளை ஜமாஅத் தலைவர் காசிம் மரைக்காயர் போகவிடவில்லை. அஸர் பாங்கு தொடங்கும்போது தம்பியின் தலை தெரிந்தது. பாங்கு முடிந்தபோது தெரியவில்லை.

இது ஒன்று.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை நடந்தது. ஜும்மா முடிந்ததும் காசிம் மரைக்காயர் எழுந்து நின்று சொன்னார். "மீரான் சொன்ன பேச்சைக் கேக்கலை. அவன் பிடிவாதம் அவனைக் கொண்டுபோயிருச்சு. ஊரு செய்ய வேண்டியதை ஊரு செஞ்சிருச்சு." ஒருவரும் வாய் திறக்கவில்லை. மீரான் மகன் சுல்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

காற்று எழும்பும் என்று அன்று காலையில் காசிம் மரைக்காயர் எச்சரித்தது உண்மை. மீரான் கேட்காமல் போனதும் உண்மை. வலையை முதல்நாளே கடலில் விட்டிருந்தான். வலையைக் கடலில் விட்டவன் வீட்டில் எப்படிப் படுத்திருப்பான்.

ஊர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. கயிறு போய்ச் சேர வழி உண்டு. செய்து காட்டுகிறேன். காட்டிய பிறகு அவர் சொன்னதை அவர் வாயாலேயே திரும்ப எடுக்க வேண்டும்.

இனி அவரை கா.ம. என்று எழுதுகிறேன். முழுப்பெயர் எழுத மனமில்லை.

ஜூன் 4, புதன்

காற்று அப்படியே. சுல்தான் போன திங்கள் முதல் கடலுக்குப் போகிறான். கபீருடைய வள்ளம். அதே பார், அதே இடுக்கு வழியாகத்தான் போக வர வேண்டும். வேறு வழி இந்தக் கரையில் இல்லை.

"நாப்பது நாளாவது கழியட்டும்டா" என்றேன்.

"வீட்ல ஆறு பேரு சாப்பிடணும் பெரியவாப்பா."

ஆடி இன்னும் வரவில்லை. ஆடியில் காற்று இதைப் போல இரண்டு பங்கு.

வழி: கொழும்புத் தோணியில் வேலை பார்த்த காலத்தில் துறைமுகத்தில் கண்டது. வெள்ளைக்காரக் கப்பல் ஒன்று தரை தட்டிக் கிடந்தது. இன்னொரு கப்பலிலிருந்து ஒருவன் துப்பாக்கி மாதிரி ஒன்றால் மெல்லிய கயிறு எறிந்தான். கயிறு வானத்தில் கோடு போட்டது போலப் போய் விழுந்தது. மெல்லிய கயிற்றின் வாலில் தடித்த கயிறு. அதைப் பிடித்து ஆட்கள் வந்தார்கள். டீக்கடையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்கள்.

துப்பாக்கிக்கு எனக்கு லைசென்ஸ் கிடைக்காது. வேண்டாம். சிறுவர்கள் ஓணான் அடிக்கிற உண்டிவில் போதும். பெரிதாக. கையால் இழுத்தால் பலம் போதாது, குறியும் நிற்காது. நீளக் கட்டையில் பூட்டி, விசை வைத்து, தோளில் அணைத்து விட வேண்டும்.

இருப்பது: அரிவாள். பல் மழுங்கிய ரம்பம். சுத்தியல். இறைச்சிக் கத்தி. படகு ஆணி ஏழு. அடுப்பில் காய்ச்சித் துளை போட ஒரு கம்பி. இழைக்க உடைந்த லாந்தர் கண்ணாடி.

இல்லாதது: உளி. துளைப்பான். ஆசாரியிடம் கேட்கப் போவதில்லை. கேட்டால் எதுக்கு என்பான்.

யாரிடமும் சொல்லப் போவதில்லை. முடியட்டும். சொல்லிவிட்டுத் தோற்றால் கா.ம. அதையும் பிடிவாதம் என்பார்.

ஜூன் 5, வியாழன்

கட்டிலைப் பிரித்தேன். பக்கச் சட்டம் பழைய தேக்கு. இனி வளையாது, வெடிக்காது. அதுதான் தண்டு.

வீட்டுக்காரி ஆமினா வாசலில் வந்து நின்றாள்.

"என்ன செய்றீக?"

"மரம் வேணும்."

"ஊர்ல வேற மரமே இல்லையா?"

"காய்ஞ்ச மரம் இல்லை."

"நாப்பது வருஷம் கட்டில்ல படுத்த இடுப்பு இது. இனிமே எங்கன படுக்க?"

"பாயில."

"மீரானைப் பிடிவாதக்காரன்னு சொன்னதுக்கு இம்புட்டுக் கோவம். இந்த வீட்ல பிடிவாதம் யாருக்குன்னு யாராச்சும் கேட்டா நான் என்னத்தச் சொல்ல."

சட்டம் மூன்று முழம் அறுத்தேன். ரம்பம் தேக்கில் வழுக்குகிறது. அம்மியில் தேய்த்துப் பல் கூராக்கினேன். அதற்கும் ஒரு பேச்சு வாங்கினேன்.

கவட்டைக்குப் பூவரசு. கொல்லையில் இருந்த கிளை, இரண்டு கொம்பும் ஒரே கனம். இரண்டு வருஷமாகக் கொடி கட்டியிருந்தது. இப்போது கொடி இல்லை. ஈரத்துணி முருங்கை மேல்.

ஜூன் 7, சனி

விசை. மூன்று நாள் வேலை இதுதான்.

பூவரசங்கட்டை, விரல் நீளம். நடுவில் ஓர் ஆணியில் ஆடும். மேலே ஒரு பல், அது இழுத்த ரப்பரின் தோல்பட்டையைப் பிடிக்கும். கீழே ஒரு வால். வாலை இழுத்தால் பல் தாழும், தோல் விடுபடும். எழுதச் சுலபம். முதல் விசை பல் உடைந்தது. இரண்டாவதில் துளை கோணல். கம்பியை அதிகம் காய்ச்சிவிட்டேன், மரம் கரிந்து துளை பெரிதாயிற்று. மூன்றாவது நின்றது.

தோல்பட்டை என் பழைய செருப்பில் வெட்டியது. பள்ளிக்கு வெறுங்காலோடு போய் வந்தேன். "செருப்புமா?" என்றாள் ஆமினா. கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அது நல்லதாகப் படவில்லை.

சுல்தான் வள்ளம் இன்று பாரில் உரசியதாம். பலகையில் கீறல். அவன் சொல்லவில்லை. கபீர் சொன்னான்.

ஜூன் 9, திங்கள்

ராமநாதபுரம் போய் வந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே. பஞ்சர் கடையில் லாரி டியூப். கடைக்காரன் வாயாடி.

"லாரி வாங்கிட்டீகளா பாய்?"

"இல்லை."

"அப்ப டியூப் மட்டும் எதுக்கு, பிள்ளைக்குத் தொட்டிலா?"

"கிழவனுக்கு."

சிரித்துக்கொண்டே நல்ல துண்டாகப் பார்த்துக் கொடுத்தான். வெடிப்பில்லாதது. இழுத்து முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினான். நல்லவன்.

திரும்பும்போது டீக்கடை. நான் வருவது தெரியாமல் உள்ளே பேச்சு.

"கட்டிலைப் பிரிச்சு வில்லு செய்றாராம்ல."

"மரைக்காயர் இனிமே குனிஞ்சுதான் நடக்கணும்."

"குனிஞ்சா வேற இடத்துல படும்டா."

நான் உள்ளே போனதும் நிறுத்தினார்கள். டீ குடித்தேன். கயிறு எறியத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். நாற்பது பேர், ஒருத்தனுக்காவது கயிறு என்று தோன்றட்டும்.

ஜூன் 11, புதன்

கடற்கரையில் முதல் எறிவு. விடிகாலை பஜர் தொழுகை முடிந்து, ஆள் வருவதற்கு முன்.

கவட்டையில் இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ரப்பரை இழுத்து விசையில் மாட்ட வேண்டும். முட்டி கத்துகிறது. அறுபத்தாறு வயது.

எறிவது ஒரு முழப் பூவரசங்குச்சி. முனை தடித்தது. சுண்ணாம்பு பூசியது, தண்ணீரில் மிதக்க வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நூல் இல்லாமல்: 41 பாகம். காலால் அளந்து, பிறகு கையாலும் அளந்தேன். தனியாகச் சிரித்தேன். பல நாளுக்குப் பிறகு.

நூல் கட்டி: 16 பாகத்தில் நூல் அறுந்தது. பழைய தூண்டில் நூல். மக்கிப்போயிருந்தது.

புதுப் பருத்தி நூல் நாற்பது பாகம் எடுத்தேன். ஆவாரம்பட்டை அவித்துச் சாயத்தில் போட்டாயிற்று. உப்புத்தண்ணீர் படுகிற எந்த நூலும் சாயம் போடாமல் கடலுக்குப் போகக் கூடாது. போனால் பத்து நாளில் பஞ்சு. என் வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஊற ஒரு நாள், காய ஒரு நாள். வெள்ளிக்குத்தான் கையில் வரும். பொறுக்க வேண்டியதுதான்.

ஜூன் 13, வெள்ளி

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகும். அதனால் எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி. நூல் இன்னும் ஈரம். விசையைச் சரிபார்க்க ரப்பரை இழுத்து மாட்டி, குச்சி வைத்து, வலைக்கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தேன். கா.ம. தனியாகக் கரையோடு வந்தார். குடை மடக்கிக் கையில். என்னைப் பார்க்கவில்லை. கல்மூக்குப் பக்கம் நின்று பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது பாகம் இருக்கும். என் தோளில் வில். கண் குச்சியின் முனையில், முனை அவர் முதுகில். எப்போது அப்படித் திருப்பினேன் என்று தெரியாது. விரல் விசையின் வாலில் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். ரப்பரைக் கையால் பிடித்து மெல்லத் தளர்த்தினேன். ரப்பர் வழுக்கி ஒரு நகம் பெயர்ந்தது.

ஜும்மாவுக்குப் போனேன். கடைசி வரிசை.

ஜூன் 14, சனி

நூல் காய்ந்தது. நல்ல செம்பழுப்பு. கட்டி எறிந்தேன். 9 பாகம்.

மறுபடி. 9.

சுருளிலிருந்து நூல் வளையம் வளையமாக எழும்பிச் சிக்கிக்கொள்கிறது. குச்சி நடுவானில் முகத்தில் அறை வாங்கினதுபோல விழுகிறது. ரப்பர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு பட்டை சேர்த்தேன். மூன்றாவது எறிவில் ரப்பர் கவட்டைக் கட்டிலிருந்து பிய்ந்து கன்னத்தில் அடித்தது. இடது கண் மூடிவிட்டது.

ஆமினா மஞ்சள் அரைத்துப் போட்டாள். "ஒரு விரக்கடை மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்."

"போகலைல."

"மரைக்காயருக்கும் இந்த மாதிரிதான் மஞ்சள் அரைச்சுக் குடுத்தேன். தெரியுமா உங்களுக்கு?"

"எதுக்கு?"

"மீரானுக்குக் கயிறு எறிஞ்சு எறிஞ்சு ரெண்டு உள்ளங்கையும் தோலு உரிஞ்சு போச்சு. மத்தவுகள்லாம் நிறுத்தின பெறகும் அவுகதான் எறிஞ்சாக. நீங்க பாரைப் பாத்துக்கிட்டு நின்னீக. கரையைப் பாக்கலை."

ஒரு கண்ணால் எழுதுகிறேன். கை உரிந்தால் சொன்ன சொல் சரியாகிவிடுமா.

ஜூன் 15, ஞாயிறு

போலீஸ்காரர் வந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், கடலைக் கண்டால் ஒதுங்கி நடக்கிறவர். கூடவே கா.ம.

"பெரியவரே, ஒரு பெட்டிஷன் வந்திருக்கு. பேரு போடாதது. ஆயுதம் செய்றீகளாம்."

வில் சுவரில் சாய்ந்திருந்தது. ஒளிக்கவில்லை.

"இது என்ன?"

"தூண்டில்."

"தூண்டிலா? இத வச்சு என்னத்தப் பிடிப்பீக, திமிங்கிலமா?"

"ஆளை."

போலீஸ்காரர் முகம் மாறியது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உண்மைதான், ஆனால் அவர் கேட்ட மாதிரி இல்லை. அப்போது கா.ம. குறுக்கே பேசினார்.

"இது கயிறு எறியுறது சார். வள்ளம் பார்ல மாட்டினா கரையிலருந்து கயிறு விட. நான் கேக்கலாம்னே இருந்தேன்."

தெரிந்திருக்கிறது. எப்படி என்று தெரியவில்லை. நூலைப் பார்த்திருப்பார். போலீஸ்காரருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் எறிந்து காட்ட வேண்டும். கயிறு போனால் சரி. போகாவிட்டால் இது ஆயுதம், ஸ்டேஷனுக்கு வரும், நானும் வர வேண்டும். சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

கா.ம. கிளம்பும்போது முருங்கை மேல் கிடந்த நூலை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். என் வீங்கிய கண்ணைப் பார்த்தார்.

"சாயம் போட்ட நூலு விறைச்சு நிக்கும் காக்கா. ஓடாது. சாயம் போடாத பச்சை நூலைப் போடுங்க. சுருட்டாம, கடகத்துல அடுக்குங்க, நீளத் தூண்டில் அடுக்குற மாதிரி."

இளமையில் அவர் நூறு முள் தூண்டில்காரர். அது ஊருக்குத் தெரியும்.

காக்கா என்கிறார், அண்ணன் முறை வைத்து. நூலை வாங்கி மறுபடி முருங்கை மேல் போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

அவர் சொன்னபடி செய்ய மாட்டேன். ரப்பரின் நீளத்தை மாற்றினேன். குச்சியின் கனத்தை மாற்றினேன். 10 பாகம். 11. 9.

ஜூன் 17, செவ்வாய்

11. 11. 10. காற்று கூடிவிட்டது.

பகல் மூன்று மணிக்கு இடுக்கில் கபீரின் வள்ளம். அலை தூக்கிப் பார் மேல் வைத்தது. கல்மூக்கில் நின்று பார்த்தேன். பதினைந்து பேர் நின்றோம். சுல்தான் சவளைக் கம்பைக் கல்லில் ஊன்றித் தள்ளுகிறான். கம்பு வளைவது இங்கிருந்து தெரிகிறது. வில் என் கையில் இருந்தது. பதினொரு பாகம் போகிற வில். அடுத்த அலை வந்து வள்ளத்தை இறக்கிவிட்டது. அலைதான் இறக்கியது. யாரும் இல்லை.

சுல்தான் கரையேறி என்னிடம் வந்தான். உதடு வெளுத்திருந்தது.

"பெரியவாப்பா, அந்த வில்லு எம்புட்டுத் தூரம் போகும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்.

"மரைக்காயர் ஏதோ சொன்னாகளாமே. அதச் செஞ்சு பாத்தீகளா?"

"இல்லை."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மீரான் அப்படித்தான் பார்ப்பான்.

ஜூன் 18, புதன்

பச்சை நூல் 40 பாகம். சாயம் போடவில்லை. பனையோலைக் கடகத்தில் வளைவு வளைவாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் ஆமினா அடுக்கினாள். அவள் வாப்பாவும் தூண்டில்காரர்தான். நாற்பது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறாள், அடுக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. "நீங்க கேட்டதில்லை" என்றாள்.

எறிந்தேன். நூல் கடகத்திலிருந்து சத்தமில்லாமல் ஓடியது. 29 பாகம்.

எதிர்க்காற்றில்: 26. மறுபடி 25.

அவர் சொன்னது சரி. எழுத வேண்டியிருக்கிறது, எழுதிவிட்டேன். பத்து நாளில் மக்கட்டும், வேறு நூல் மாற்றிக்கொள்ளலாம். மீரானுக்குப் பத்து நாள் தேவைப்படவில்லை. அஸர் வரைதான் தேவைப்பட்டது. இது என் புத்திக்கு எட்ட ஒரு வாரம்.

ஜூன் 20, வெள்ளி

ஜும்மாவில் கா.ம. அறிவித்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு, நீர் வற்றும் நேரம், கல்மூக்கு. "வள்ளம் வச்சிருக்கிற எல்லாரும் வரணும்." மீரான் பெயரைச் சொல்லவில்லை. காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரம். ஆமினா கட்டிலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

விசையின் பல் தேய்ந்து வழுக்கியது. மண்ணெண்ணெய் டின் தகரம் வெட்டிப் பல்லுக்கு உறை போட்டேன். இப்போது பிடிக்கிறது. இருபது தடவை மாட்டி விட்டுப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை வரிசையாக.

காற்று பலம். ஊர் முழுக்கக் கல்மூக்கில். போலீஸ்காரர் சற்றுத் தள்ளி, மணல் மேட்டில். மீரான் நின்ற பாறையில் ஓர் ஆள் போய் நின்று கயிற்றை வாங்க வேண்டும். வெறும் பாறைக்கு எறிந்து என்ன பயன்.

யாரும் அசையவில்லை. கூட்டத்தில் ஒரு குரல்: "கிழவனுக்கு ஒரு கண்ணு வேற வீக்கம்." சிரிப்பு.

சுல்தான் சட்டையைக் கழற்றினான். "நீ வேணாம்" என்றேன். அப்போது கா.ம. தொப்பியைச் சரிசெய்துகொண்டு கபீரின் வள்ளத்தில் ஏறினார். அவருக்கு அறுபது வயது.

"ஒங்களுக்கு ஏன் காக்கா இந்த வேலை" என்று யாரோ கையைப் பிடித்தார்கள்.

"அவரு என் மேலதான் எறியப்போறாருன்னு ரெண்டு வாரமா எல்லாரும் சொல்றீக. எறியட்டும்."

கபீர் அவரைப் பாறையில் இறக்கிவிட்டு வள்ளத்தை விலக்கிக்கொண்டான். இடுப்பளவு தண்ணீர். அலை வரும்போது நெஞ்சு. அதே கல். அதே இருபத்தைந்து பாகம்.

உட்கார்ந்து ரப்பரை மாட்டினேன். கடகம் இடது பக்கம். ஆமினா பெண்கள் கூட்டத்தை விட்டு வந்து கடகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் தடுக்கவில்லை.

முதல் எறிவு. காற்று இடப்பக்கம் தள்ளும், அதனால் வலப்பக்கம் குறி வைக்க வேண்டும். ஒரு பாகம் போதும். நான் நான்கு பாகம் தள்ளி வைத்தேன். பட்டுவிடும் என்று பயம். குச்சி அவரை விட்டு மூன்று பாகம் தள்ளி விழுந்தது. அவரால் எட்ட முடியவில்லை. அலை ஒன்று அவரைச் சாய்த்தது, எழுந்தார். கூட்டத்தில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். போலீஸ்காரர் மேட்டிலிருந்து இறங்கினார்.

நூலை இழுத்தோம். ஆமினா மறுபடி அடுக்கினாள். அவசரப்படவில்லை அவள். அங்கிருந்து கா.ம. கத்தினார்.

"நேரா எறியுங்க காக்கா! கல்லுக்குக் கயிறு வேணாம். ஆளுக்குத்தான் வேணும்!"

மாட்டினேன். தோளில் வைத்தேன். குச்சியின் முனையில் அவர் தொப்பி. பதின்மூன்றாம் தேதி இருந்த அதே இடத்தில் விரல். மூச்சை விட்டேன். முனையை ஒரு பாகம் வலப்பக்கம் நகர்த்தி இழுத்தேன்.

குச்சி அவர் இடது தோளுக்கு ஒரு முழம் மேலே போயிற்று. நூல் அவர் கையில் விழுந்தது. விழுந்தது என்று எழுதுவது சரியில்லை. வந்து படுத்தது.

நூலை இழுத்தார். அதன் வாலில் தடித்த நார்க்கயிறு. இடுப்பில் இரண்டு சுற்றுப் போட்டு முடிந்தார். தண்ணீரில் இறங்கினார். கரையில் இழுத்தார்கள். அதே நாற்பது பேர்.

பாங்கு சொல்லி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

யாரும் சத்தம் போடவில்லை. சந்தோஷப்பட வந்தவர்களும் போடவில்லை. எல்லோருக்கும் ஒரே கணக்கு மனதில் ஓடியது. சுல்தான் மணலில் முகம் வைத்துப் படுத்துவிட்டான். தோள் குலுங்கியது. இதைச் செய்து காட்டினால் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தேன்.

போலீஸ்காரர் வில்லை எடுத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "தூண்டில்தான்" என்றார்.

கா.ம. மணலில் உட்கார்ந்திருந்தார். நனைந்து, நடுங்கி. உள்ளங்கை மறுபடி பிளந்திருந்தது. நான் போய் எதிரில் நின்றேன்.

"இப்ப சொல்லுங்க" என்றேன். "பிடிவாதமா?"

"அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்பு காக்கா. ஊருக்கு ஒண்ணும் தோணலைன்னு சொல்ல வெக்கம். அதுனால அவன் மேல போட்டேன். பெருநாள் தொழுகைக்கு வெளியூர்ல இருக்கவுகளும் வருவாக. அன்னைக்கு எந்திரிச்சுச் சொல்றேன்."

சரி என்று திரும்பினேன்.

"காக்கா."

நின்றேன்.

"கொழும்புலருந்து நீங்க வந்து முப்பது வருஷம் இருக்கும்ல. அந்தக் கப்பல் கதைய ஒங்க வாயால நானே பத்துத் தடவ கேட்டிருக்கேன். நூலைப் பாத்த ஒடனே எனக்கு அதான் ஞாவகம் வந்துச்சு. நாங்கள்லாம் சிரிச்சோம். எங்க மேல தப்பு. நீங்க கண்ணால பாத்தவரு. இது பதினஞ்சு நாள் வேலைன்னு இப்ப ஒங்களுக்கே தெரியுது."

ஆமினா கடகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சுல்தான் தலையைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு பேரும் கேட்டார்கள்.

நான் வில்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

காற்று குறையவில்லை. சுல்தான் கடலுக்குப் போயிருக்கிறான். போகும்போது வாசலில் நின்று "வாரேன் பெரியவாப்பா" என்றான். உள்ளே வரவில்லை.

முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அநியாயம் இரண்டு என்று எழுதியிருக்கிறது. அடித்துத் திருத்தப் போவதில்லை. இரண்டும் அப்படியே இருக்கட்டும். மூன்றாவதை இங்கே எழுதுகிறேன். வழி தெரிந்த ஒருவன் அந்த நாற்பது பேரில் இருந்தான். முப்பது வருஷம் அதை டீக்கடைக் கதையாக வைத்திருந்தான். சிரித்தார்கள் என்று விட்டுவிட்டான். வேறு எதையும் அவன் அப்படி விட்டதில்லை.

செய்ய வேண்டியது:

கல்மூக்கில் ஓலைக் கொட்டகை. வில், கடகம், நார்க்கயிறு மூன்றும் அங்கேயே. சுல்தான், கபீர். வியாழனுக்குள்.

நூல் அடுக்க: ஆமினா. இன்னும் மூன்று பெண்களுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். யாரும் சாயம் போடாமல் பார்த்துக்கொள்வதும் அவளே.

வாரம் ஒரு தடவை நூல் மாற்ற: நான்.

ரப்பர்: நான். பஞ்சர் கடைக்காரனிடம் எதுக்கு என்று இந்தத் தடவை சொல்ல வேண்டும்.

காற்று நாளில் கொட்டகையில் உட்கார: கடலுக்குப் போகாத எவரும், முறை வைத்து. முறை எழுத கா.ம.

இரண்டாவது வில். கட்டிலின் அடுத்த சட்டம். நான். ஆமினாவிடம் இன்னும் சொல்லவில்லை.

காசிம் மரைக்காயர்: பெருநாள் தொழுகை முடிந்ததும் எழுந்து நிற்க. மீரான் பெயரைச் சொல்ல. பிடிவாதம் என்ற சொல்லைத் திரும்ப எடுக்க.

நான்: அதே இடத்தில் எழுந்து நிற்க. கொழும்பில் பார்த்ததையும், பார்த்து எத்தனை வருஷம் என்பதையும் சொல்ல. சுல்தான் இருக்கும்போது.

யார் முதலில் என்று பேசிக்கொள்ளவில்லை.

அவர்தான் முதலில்.